தாய்ச்சிப்பி கத்துக்கிட்டா குஞ்சு பொழைக்குமா?

கேள்வி: சார், நாங்க சிட்னில இருக்கோம். போன லீவுல போர்ட் ஸ்டீபன்ஸ் பக்கம் போனப்ப ஒரு சிப்பிப் பண்ணையில வண்டிய நிறுத்தினோம். அங்க இருந்தவர் "கடல்ல அமிலம் ஏறிட்டே வருது, ஆனா எங்க சிப்பிங்க பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே ட்ரெய்னிங் குடுத்துதான் அனுப்பும்"னு சொன்னார். என் வீட்டுக்காரர் அதெல்லாம் டூரிஸ்ட்டுக்குச் சொல்ற கதைங்கிறார். யார் சொல்றது சரி?
– ஒரு வாசகி, சிட்னி

பதில்: பண்ணைக்காரர் கதை விடலம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் சந்தேகப்பட்டதுலயும் பாதி நியாயம் இருக்கு, அத அவர்கிட்ட உடனே சொல்லிடாதீங்க, பதில முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

முதல்ல இந்த அமில விஷயம். நாம விடுற கார்பன் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட கால்வாசிய கடல் இழுத்துக்குது. அது தண்ணியோட சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனிய வெளிய விடுது. தொழிற்புரட்சிக்கு முன்னாடி கடல் மேல்மட்டத்தோட பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, எண் இறங்கினா அமிலம் ஏறுதுன்னு அர்த்தம்) சுமார் 8.2, இப்ப 8.1. இவ்வளவுதானான்னு கேக்காதீங்க, இது மடக்கைக் கணக்கு (ஒரு எண் இறங்கினா பத்து மடங்கு), அந்த 0.1க்கே ஹைட்ரஜன் அயனி சுமார் 30 சதவீதம் ஏறிடும். இந்த அயனிங்க சும்மா இருந்தாலும் பரவால்ல, தண்ணில இருக்கிற கார்பனேட்டப் போய்ப் புடிச்சுக்கும். சிப்பி ஓடு கட்டுறதே அந்த கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்துதான் (நம்ம ஊர்ல கிளிஞ்சல சுட்டு சுண்ணாம்பு எடுத்தாங்களே, அதே சரக்குதான்). கொத்தனார் வேலைய ஆரம்பிக்கும்போது செங்கல் லாரி பாதி காலியா வந்து நின்னா எப்படி, அப்படி.

பெரிய சிப்பி எப்படியாவது சமாளிச்சிடும். மாட்டிக்கிறது குஞ்சுதான். முட்டை கருவாகி ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள கண்ணுக்கே தெரியாத அந்த உயிர் தன்னோட முதல் ஓட்டக் கட்டி முடிச்சாகணும், அதுவும் வாய் சரியா வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, அதனால அம்மா முட்டைக்குள்ள வச்சு அனுப்பின கட்டுச்சோத்த நம்பித்தான் அந்த வேலை முழுசும் நடக்குது. தண்ணில கார்பனேட் கம்மியா இருந்தா அதே ஓட்டுக்கு அதிக சக்தி செலவாகும், சோறு பாதி வழியிலயே தீர்ந்துடும். போதாக்குறைக்கு குஞ்சோட ஓடு அரகோனைட், பெரிய சிப்பியோடது பெரும்பாலும் கால்சைட், ரெண்டும் அதே சுண்ணாம்புச் சரக்கோட வேற வேற வடிவம், அதுல சுலபமா கரையறது அரகோனைட்தான்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். லாரா பார்க்கர், பாலின் ராஸ், வேய்ன் ஓ'கானர்னு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், 2012ல வந்த அவங்க ஆய்வு உங்க சிட்னி ராக் சிப்பியப் பத்தினதுதான். முட்டை விடத் தயாராகிட்டு இருந்த பெரிய சிப்பிகள அஞ்சு வாரம், இந்த நூற்றாண்டுக் கடைசில வரலாம்னு சொல்ற அளவு கார்பன் டை ஆக்சைடு, அதாவது சுமார் 850 பிபிஎம் (பத்து லட்சத்துல 850 பங்கு, இன்னைக்குக் காத்துல 420க்கு மேல), அந்த மாதிரி தண்ணில வச்சாங்க. அப்புறம் அதுங்களோட குஞ்சையும் அதே தண்ணில விட்டாங்க. பழகாத அம்மா அப்பாவோட குஞ்சுங்களோட ஒப்பிட்டா, பழகினதுங்களோட குஞ்சுங்க பெருசா இருந்துச்சு, வேகமாவும் வளந்துச்சு. அந்தப் பலன் அடுத்த தலைமுறை வரைக்கும் கூட தெரிஞ்சதுன்னு அதே குழு 2015ல எழுதினாங்க. ஆக, ட்ரெய்னிங்னு பண்ணைக்காரர் சொன்னது ஒரு வகைல சரி.

இனி உங்க வீட்டுக்காரர் பக்கம். அதே குழு 2017ல இன்னொண்ணு பண்ணாங்க. குஞ்சுக்கு அமிலம் மட்டும் இல்லாம சூடு, உப்புக் குறைவு, சாப்பாட்டுப் பற்றாக்குறைன்னு சேத்துக் கொடுத்தாங்க. அப்ப என்னாச்சுன்னா, அமிலத்துக்குப் பழகின பெற்றோரோட குஞ்சுங்கதான் மோசமாப் போச்சு! ட்ரெய்னிங்கே பாரமாயிடுச்சு. நீங்க இருக்கிற ஊர் கழிமுகங்கள்ல நல்ல மழை பெஞ்சா உப்பு சடார்னு இறங்கும், கரையோர அமில மண்லேந்து தண்ணி வேற வடிஞ்சு வரும், கோடைல சூடும் சேரும். லேப் தொட்டி மாதிரி ஒரு நேரத்துல ஒரு கஷ்டம்னு கடல் வரிசைல நிக்க வச்சு அனுப்பாது. என்னைக் கேட்டா 2012 ஆய்வ விட இந்த 2017 ஆய்வுதான் முக்கியம், ஆனா நல்ல சேதிதான் பரவுது, என்ன பண்றது.

கேள்வி: பெற்றோர் அனுபவிச்சது பிள்ளைக்குப் போகுதுன்னா இது பழைய லாமார்க் தியரிதானே? ஒட்டகச்சிவிங்கி கழுத்த நீட்டி நீட்டி நீளமாச்சுன்னு எங்க வாத்தியார் கிண்டல் பண்ணுவாரே?
– ஒரு விலங்கியல் மாணவர், திருச்சி

பதில்: தம்பி, மூணு வேற வேற விஷயத்த எல்லாரும் ஒரே மூட்டைல கட்டிடுறாங்க, அதான் குழப்பம்.

ஒண்ணு கட்டுச்சோறு. அம்மா முட்டைல எவ்வளவு கொழுப்பு, என்ன புரதம் வச்சு அனுப்புதுங்கிறது, இதுல லாமார்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டாவது எபிஜெனெடிக்ஸ், ஜீனோட எழுத்து மாறாது, எது எப்ப எவ்வளவு வேலை செய்யணும்ங்கிற குறி மாறும். அமெரிக்கக் கிழக்குக் கரைச் சிப்பிய அமிலத் தண்ணில வச்சுப் பாத்து, தாயோட இனப்பெருக்க உறுப்புல டிஎன்ஏ மேல இருக்கிற மெத்தில் குறிகள் மாறியிருக்குன்னு 2020ல காட்டினாங்க. அது தாய்கிட்ட பாத்தது, பிள்ளைகிட்ட இல்ல, இத மறந்துட்டு நிறைய பேர் ஒரு தாவு தாவிடுறாங்க.

மூணாவதுதான் டார்வின் கணக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். ஜெர்மனில கீல்னு ஒரு ஊர், பால்டிக் கடலோரம். அங்க அடித்தண்ணி மேல வர்றப்ப கார்பன் டை ஆக்சைடு தானாவே எகிறிடும், நூத்தாண்டுக் கடைசில வரும்னு நாம பயப்படுற அளவையும் தாண்டும். அந்தத் தண்ணிலதான் மஸ்ஸல் (சிப்பி மாதிரியே ரெட்டை ஓடு உள்ள உயிர்) குவியல் குவியலா வாழுது. வட கடல்ல இருக்கிற சூல்ட் தீவு மஸ்ஸலோட குஞ்சையும் கீல் மஸ்ஸலோட குஞ்சையும் அமிலத் தண்ணில வச்சுப் பாத்தா கீல் குஞ்சுங்கதான் நல்லா தாக்குப் பிடிச்சுது, 2017ல வந்த ஆய்வு இது. தாங்காதது தலைமுறை தலைமுறையா செத்துப்போச்சு, தாங்கினது தங்கிச்சு. மத்தியதரைக் கடல் மஸ்ஸல பிஎச் 7.4 தண்ணில வளத்தப்ப, ஒரே தலைமுறைக்குள்ளயே குஞ்சுக் கூட்டத்தோட ஜீன் கலவை மாறிடுச்சுன்னு 2019ல இன்னொரு குழு காட்டுச்சு. புதுசா ஒண்ணும் முளைக்கல தம்பி, கூட்டத்துக்குள்ள ஏற்கனவே ஒளிஞ்சிருந்த வித்தியாசம்தான் கை குடுத்துச்சு. ஒரு தாய் லட்சக்கணக்குல முட்டை விடுறதால இந்த அளவு சாவத் தாங்குது, ஆனை மாதிரி ஒண்ணு ரெண்டு பெத்தா முடியுமா?

தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடின்னு சொல்லுவோம்ல, அதுவும் எல்லா இனத்துக்கும் இல்ல. அமெரிக்காவுல ஹார்ட் க்ளாம்னு ஒரு மட்டி, பே ஸ்காலப்னு இன்னொண்ணு, ரெண்டோட பெற்றோரையும் அமிலத் தண்ணில வச்சுப் பாத்தாங்க, பிள்ளைங்க முன்ன விட பலவீனமாத்தான் வந்துச்சு. அம்மா தன் உசுர காப்பாத்திக்கவே எல்லாத்தையும் செலவழிச்சிட்டா முட்டைல என்ன வைக்கும்னுதான் எனக்குத் தோணுது. உங்க வாத்தியாருக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க.

கேள்வி: அப்போ பண்ணைக்காரங்க கையக் கட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானா?
– ஒரு இறால் பண்ணைக்காரர், நாகப்பட்டினம்

பதில்: உக்காரல அண்ணே. அமெரிக்காவுல ஒரிகான் கரைல விஸ்கி க்ரீக்னு ஒரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம். 2007-08ல அங்க குஞ்சுங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. பாக்டீரியாதான்னு நினைச்சு தண்ணியெல்லாம் சுத்தம் பண்ணாங்க, அப்பவும் சாவு நிக்கல. கடைசில பாத்தா, காத்து அடிக்கிற திசையால ஆழத்துலேந்து மேல வர்ற தண்ணிதான் காரணம். அந்தத் தண்ணி கடைசியா காத்தத் தொட்டே பல பத்து வருசம் ஆகியிருக்கும், அதாவது நம்ம தாத்தா காலத்துப் புகைக்கு இப்பதான் பில் வந்திருக்கு, நம்ம காலத்துப் புகை இனிமேதான் வரணும். அப்புறம் தண்ணிய அப்பப்ப அளந்து பாத்து, பாசி வெயில்ல கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி முடிச்ச மத்தியானத்துக்கு மேல தொட்டி நிரப்புறது, சோடியம் கார்பனேட் கலக்குறதுன்னு ஆரம்பிச்சுத்தான் பொழைச்சாங்க.

ஆஸ்திரேலியாக்காரங்க வேற வழில போனாங்க, அதுவும் தெரியாமலே. 1990லேந்து அங்க நல்லா வளர்ற, நோயத் தாங்குற சிட்னி ராக் சிப்பியா பொறுக்கிப் பொறுக்கி இனவிருத்தி பண்ணிட்டு வந்தாங்க, அமிலத்தப் பத்தி அப்ப யாரும் நினைக்கல. 2011ல சோதிச்சா, அமிலத் தண்ணில காட்டுச் சிப்பியோட குஞ்சுக்கு ஓடு வளர்ச்சி 64 சதவீதம் குறைஞ்சிருக்கு, இந்தத் தேர்வு இனத்துக்கு 25 சதவீதம்தான். நீங்க குஞ்சு வாங்குறப்ப தாய் இறால் எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பீங்கல்ல, அதே புத்திதான் அண்ணே. ஆனா பொரிப்பகத்துத் தொட்டில மருந்து கலக்கலாம், வெளிய பாறைல ஒட்டிக்கிட்டு இருக்கிற காட்டுச் சிப்பிக்கு யாரு போய்க் கலக்குறது?

கேள்வி: கடல் அமிலமாகுதுன்னா சிப்பி ஓடு எலுமிச்சம்பழச் சாறுல போட்ட மாதிரி கரைஞ்சு போயிடுமா?
– ஆறாம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: இல்லடா கண்ணு. 7க்கு மேல இருந்தா அது காரம்தான், கடல் இன்னும் 8.1ல இருக்கு, அமிலப் பக்கமா நகருதுங்கிறதத்தான் அப்படிச் சொல்றாங்க. முட்டை ஓட்ட வினிகர்ல ராத்திரி பூரா போட்டு வை, காலைல தோல் மட்டும் மெத்துனு இருக்கும். சிப்பிக்கு அவ்வளவு வேகமா எதுவும் நடக்காது, அதுக்கு வீடு கட்டுற செலவுதான் ஏறும். வினிகர எடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டுக்கோ.