யுபிஐ வளர்ச்சிக்கு 'ஹாக்கி ஸ்டிக்' பொருந்துமா?

யுபிஐ பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் அதன் வேகத்தை 'ஹாக்கி ஸ்டிக்' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெடுங்காலம் தட்டையாகக் கிடந்து, திடீரென்று நிமிரும் கோட்டுக்குத்தான் அந்தப் பெயர். 1999இல் மான், பிராட்லி, ஹியூஸ் என்ற காலநிலை ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட வட அரைக்கோளத்தின் ஆயிரம் ஆண்டு வெப்பநிலை வரைபடம் அப்படிப்பட்டது. யுபிஐ வந்ததே 2016இல்தான். மாதப் பரிவர்த்தனைகள் 2019 அக்டோபரில் 100 கோடியைத் தாண்டின, 2023 ஆகஸ்டில் 1,000 கோடியை. நீண்ட தட்டைக் காலம் எங்கே இருக்கிறது? கடைகள் கியூஆர் அட்டை வைக்க வைக்க அதில் பணம் கட்டுகிறவர்கள் கூடினார்கள். அவர்கள் கேட்கக் கேட்க அடுத்த கடையும் வைத்தது. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் இந்த ஓட்டத்துக்கு, உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தைக் குறிக்கும் 'ஸ்னோபால்' கச்சிதம். அப்புறம், அந்த இரண்டு எண்களையும் மாதத்தோடு அதே பத்தியில் கொடுத்துவிடுங்கள்.