ஓடுகிற இயந்திரத்தை ஏன் நிறுத்திப் பார்க்க வேண்டும்?

"நன்றாக ஓடும் இயந்திரத்தைப் பராமரிப்புக்கென்று நிறுத்துவது வீண் செலவு என்கிறார் மேலாளர், என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பராமரிப்புப் பிரிவில் அண்மையில் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியை என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் கூடத்தில் ஆட்களின் தலைக்கு மேல் வார்ப்புகளைத் தூக்கிச் செல்லும் கிரேன் ஒன்று இருந்தது. அதன் ஒயர் ரோப், அதாவது எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கயிறு, வெளிப்பார்வைக்குக் கிரீஸ் பூசிப் பளபளப்பாகவே இருந்தாலும், நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளந்தபோது ஓரிடத்தில் மட்டும் விட்டம் குறைந்திருந்தது. கிரேனை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன். அன்று அனுப்ப வேண்டிய சரக்கு காத்திருந்ததால் உற்பத்தி மேலாளர் கோபத்தோடு வந்து, ஆய்வுச் சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லையே என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு இயந்திரங்களையும் அவற்றின் சங்கிலி, கயிறுகளையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் அது குறைந்தபட்சம். கடலோரத்து உப்புக்காற்று அந்தத் தவணைக்காகக் காத்திருப்பதில்லை. ரோப்பின் நடுவிலுள்ள நார்த்திரி எண்ணெய்ப் பசை வற்றிப்போனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துரு உள்ளிருந்து தொடங்கும். நார்த்திரியைச் சுற்றியிருக்கும் கம்பிப் புரிகளை நெம்பி விலக்கிக் காட்டினேன். செந்நிறப் பொடி உதிர்ந்தது. உள்ளிழைகள் சில அறுந்தே கிடந்தன. அதன் பிறகு அவர் வாதிடவில்லை. பாரிமுனையிலிருந்து புதிய ரோப் வரும்வரை கிரேன் நின்றது.

முதலாளியின் நெருக்கடி புரியாமல் பேசுவதாகச் சிலர் சொல்லக்கூடும். சரக்கு தாமதமானால் வரும் இழப்பை நானும் அறிவேன். சிறிய பட்டறைகளில் உதிரிபாகம் வாங்கவே பணம் இருக்காது என்பதையும் அறிவேன். ஆயினும், திட்டமிட்டு நிறுத்தும்போது நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம்; தானாக நின்றால் அந்த உரிமை நமக்கில்லை. அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. உற்பத்தி கூடினால் ஊக்கத்தொகை தந்தவர்கள், நடக்காமல் தடுத்த விபத்தை ஒரு வேலையாகவே கணக்கில் எடுத்ததில்லை. அனுபவமுள்ள ஃபிட்டர்கள் ஓய்வு பெற்றபோது, அந்த இடங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை எடுத்து, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் ஓசை மாறுவதைக் கேட்டறியக்கூடக் கற்றுத்தராமல் இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள்.

உங்கள் மேலாளரிடம் சட்டம் பேசித் தொடங்க வேண்டாம். அளவு, சூடு, அதிர்வு, ஓசை ஆகியவற்றைத் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, மாற்றம் தெரியும் பக்கத்தை அவர் முன் வையுங்கள். அதற்குப் பிறகும் ஓட்டத்தான் வேண்டும் என்றால், அந்த உத்தரவை அதே பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு பணிவோடு கேளுங்கள்.