இளவயதில் நியூமோனியாவுக்காக அனுமதிக்கப்பட்டால் உயிராபத்து உண்டா?

வயல் வேலை செய்யும் 34 வயதுத் தம்பியை நியூமோனியா என்று மட்டக்களப்பில் அனுமதித்திருப்பதாகவும், இந்த வயதில் பயப்பட வேண்டுமா, எப்போது பழையபடி ஆவார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்பாறை மாவட்டத்து மருத்துவ விடுதியொன்றில் தாதிய உத்தியோகத்தராக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகள் அவரைப் பார்க்கும் வைத்தியருடையவை.

இளவயதினரில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2010 முதல் 2012 வரை அனுமதிக்கப்பட்டு, எக்ஸ்ரேயில் நியூமோனியா உறுதியான 2,320 பேரை ஆராய்ந்தபோது, முதியவர்களையும் சேர்த்தே நூற்றுக்கு இரண்டு பேர்தான் இறந்திருந்தனர். ஆனால் நூற்றுக்கு 21 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது எண்தான். இளம் உடல் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதால் நோய் முற்றுவது வெளியே தெரியாமல் போகிறது. மனக்குழப்பம், குருதி யூரியா, சுவாச வேகம், குருதி அமுக்கம், 65 வயது ஆகிய ஐந்துக்கும் புள்ளியிட்டுத் தீவிரத்தைக் கணிக்கும் முறையிலும், வயதுக்குரிய புள்ளி விழாததால் இளைஞர்களின் நிலை உள்ளதைவிட இலேசாகத் தோன்றக்கூடும்.

கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபடி, "எனக்கு ஒண்டுமில்ல மிஸி, விதைப்புக் கிடக்கு, துண்டு வெட்டித் தாங்க" என்று வீட்டுக்கு அனுப்பக் கேட்ட இளைஞர் ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன், முப்பதைத் தாண்டியது. அன்றிரவே அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார், பிறகு தேறினார். ஆகவே தம்பியின் காய்ச்சலை மட்டும் பார்க்காமல் மூச்சையும் எண்ணுங்கள். முப்பதை எட்டினால் உடனே விடுதியில் சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்குரிய இன்னொரு விடயமும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ், மாரி மழைக்காலத்தில் சேற்றில் இறங்குவோருக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு, நியூமோனியாவாகவே வெளிப்படலாம். வழமையான நுண்ணுயிர்க்கொல்லிகள் பல அதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியும், அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரையும் தேவைப்படும். தம்பி வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்பவர் என்பதை, கேட்காவிட்டாலும், வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். சீனி பார்த்தார்களா என்றும் விசாரியுங்கள்.

துண்டு வெட்டிய மறுநாளே அவர் மண்வெட்டி தூக்கலாம் என்று எண்ண வேண்டாம். பொதுவாகக் காய்ச்சல் ஒரு வாரத்திலும், நெஞ்சுநோவும் சளியும் நான்கு வாரத்திலும், இருமலும் இளைப்பும் ஆறு வாரத்திலும் பெருமளவு குறையும். களைப்பு மூன்று மாதம்வரை நிற்கலாம், சிலருக்கு முழுமையாகத் தேற ஆறு மாதமும் ஆகும். புகைப்பவராயின் இப்போதே நிறுத்தச் செய்யுங்கள். ஆறு வாரமளவில் மீண்டும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் திரும்பினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள்.