எஸ்.எஸ். குழாயில் ஆர்.சி. வண்டி சேஸிஸ்: கேள்வி பதில்

நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் (1:10), ரிமோட்டில் ஓடி, பாறைமேல் ஏறும் கிராலர் வண்டிகளுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயால் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கட்டுபவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, எஸ்.எஸ்.ஸில் கட்டினால் சாதா இரும்பைவிட விறைப்பாக இருக்குமா?

இருக்காது தம்பி. விறைப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 304 என்ற எஸ்.எஸ். வகை ஒரு துளி குறைவு என்றே சொல்லலாம். விறைப்பைத் தருவது குழாயின் விட்டமும் சட்டத்தின் அமைப்பும். 6 மி.மீ. வெளிவிட்டமும் 0.5 மி.மீ. சுவரும் உள்ள குழாய், அதே விட்டமுள்ள முழுக் கம்பியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டருக்குச் சுமார் 70 கிராம். ஆனால் கம்பியின் விறைப்பில் பாதி அதற்கு உண்டு. நான்கு பக்கக் கட்டம் எங்கே வந்தாலும் குறுக்கே ஒரு குழாய் போட்டு முக்கோணங்களாக்குங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டுபவர்களுக்குத்தான் எஸ்.எஸ். உண்மையில் தேவை. அலமாரியில் வைக்கும் வண்டிக்கு இரும்பே போதும், வேலையும் பாதி.

கடையில் வாங்கிய 304 குழாயில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். குளிர் நிலையில் இழுத்த அல்லது வளைத்த 304 கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ரெயிலிங்குக்கு விற்கும் 202 என்ற வகையையும் 304ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

டிரில் பிட் ஒன்று மாற்றி ஒன்று மழுங்குகிறது. துளை பாதியில் நின்றுவிடுகிறது.

வேகமாகச் சுற்றி, மெதுவாக அழுத்துகிறீர்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். வெட்டாமல் உரசும் ஒவ்வொரு சுற்றிலும் எஸ்.எஸ்.ஸின் மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். இறுகிய இடத்தில் புது பிட்டும் தோற்கும். 3 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று அளவில், கோபால்ட் கலந்த பிட், கட்டிங் ஆயில், விடாத அழுத்தம். உலோகச் சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் உடனே பிட்டை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் சரியான விட்டத்தில் மரக்குச்சி செருகினால் சுவர் நசுங்காது. ரம்பத்தால் அறுக்கும்போதும் இது உதவும்.

வளைக்கும்போது உள்பக்கம் மடிந்துவிடுகிறது, சார்.

வளைவின் ஆரம் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். காய்ந்த மெல்லிய மணலை இறுக நிரப்பி, இரு முனையையும் அடைத்து வளையுங்கள். விட்டதும் கொஞ்சம் நிமிரும், அது இரும்பைவிட அதிகம். அதற்கேற்பக் கூடுதலாக வளைக்க, துண்டுக் குழாயில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் ஈரமாக இருந்தால் அந்தக் குழாயில் கேஸ் டார்ச் சுடரை வைக்காதீர்கள். நீராவி அடைப்பைப் பீய்ச்சித் தள்ளும்.

வெள்ளிப் பற்றாசு (குழாய்களை இணைக்க உருக்கும் வெள்ளிக் கலவை) உருண்டையாக நின்றுவிடுகிறது, ஒட்டவே இல்லை.

அதிகம் பேர் கேட்பது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஸ்.எஸ்.ஸின் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது. துருவைத் தடுப்பதும் அதுதான், பற்றாசை விலக்குவதும் அதுதான். சாதாரண வெண்காரம் அதைக் கரைக்காது, எஸ்.எஸ்.ஸுக்கென்றே விற்கும், ஃபுளோரைடு கலந்த ஃபிளக்ஸ் (படலத்தைக் கரைக்கும் பூச்சு) வேண்டும். 55 சதவீத வெள்ளி உள்ள, காட்மியம் இல்லாத பற்றாசுக் கம்பி 630 முதல் 660 டிகிரியில் உருகும்.

முனையை, அது சேரும் குழாயின் விட்டத்துக்கேற்ற உருண்டை அரத்தால் மீன்வாய் போல் அராவுங்கள். இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் பற்றாசு தானே உள்ளே இழுக்கப்படும். பெரிய இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது.

எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது சாதா இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே இடத்தில் சுடரை நிறுத்தினால் அது சிவந்து கருகும், பக்கத்துக் குழாய் குளிர்ந்தே இருக்கும். சுடரை ஆட்டிக்கொண்டே, தடித்த பக்கத்தை முதலில் சுடுங்கள். ஃபிளக்ஸ் தண்ணீர்போலத் தெளிந்ததும், சுடருக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொடுங்கள். உலோகத்தின் சூட்டில்தான் உருக வேண்டும், சுடரில் அல்ல. ஃபிளக்ஸ் கறுத்துவிட்டால் நிறுத்தி, சுத்தம் செய்து, புதிதாகத் தொடங்குங்கள்.

இரு முனையும் அடைபடும் குழாயில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே விரியும் காற்று கடைசி இணைப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

என் பையன் பால்கனியில் இதைச் செய்கிறான். புகை ஆபத்தா?

கவனம் வேண்டும் அம்மா. வெள்ளிக் கம்பியில் காட்மியம் இல்லையென்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். காட்மியம் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஃபுளோரைடு ஃபிளக்ஸின் ஆவியும் நல்லதல்ல. காற்று அவன் முகத்திலிருந்து வெளியே போகும்படி உட்காரச் சொல்லுங்கள். கண்ணாடியும் போட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள எதையும் பக்கத்தில் சூடாக்க வேண்டாம்.

டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் மின்பொறியால் உருக்கி இணைப்பது) செய்யலாமா?

கைத்திறன் இருந்தால் தாராளமாக. 0.5 மி.மீ. சுவரில் ஓட்டை விழுவது சுலபம். குழாயின் உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாகும்.

இணைப்பைச் சுற்றித் துருப்புள்ளிகள் வருகின்றன. எஸ்.எஸ். துருப்பிடிக்குமா?

இரும்பில் பழகிய அரமோ இரும்புக் கம்பிப் பிரஷோ பட்டிருக்கும். அதன் துகள்தான் முதலில் துருப்பிடிக்கிறது. சூட்டில் நிறம் மாறிய பகுதியும் பாதுகாப்பை இழக்கும். ஃபிளக்ஸை வெந்நீரில் ஊறவைத்துக் கரையுங்கள், நிறம் மாறிய இடத்தை நைலான் ஸ்கிரப்பரால் தேயுங்கள், பிறகு வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டு, நன்றாகக் கழுவித் துடையுங்கள். எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி அரமும் தனி பிரஷும் வைத்துக்கொள்ளுங்கள்.