பிக்குக்குன்னு தனி பேஸ் வாங்கணுமா?

கேள்வி: சார், நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வச்சிருக்கேன், இவ்வளவு நாளும் விரல்ல தான் வாசிச்சேன். எங்க பேண்டுல ராக் பாட்டு தான் அதிகம், பிக்ல (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்ன பிளாஸ்டிக் துண்டு) வாசிச்சா எடுப்பா கேக்கும்னு டிரம்மர் சொல்றாரு. கடையில போய் கேட்டா இந்த பேஸ் பிக்குக்கு செட் ஆகாது, வேற மாடல் பாருங்க, கூடவே சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை சமப்படுத்துற ஒரு கம்ப்ரஸர் பெடலும் எடுத்துக்கங்கன்றாங்க. எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?

பதில்: ஒரு இருநூறு, முந்நூறு ரூபாய் போதும், அதுலயே மிச்சம் வரும். பிக்குக்குன்னு தனி பேஸ்லாம் கிடையாதுங்க. ஃபெண்டர் கம்பெனி 1951ல முதல் பிரிசிஷன் பேஸ் விட்டப்ப, கட்டைவிரல்ல மீட்டுவாங்கன்னு நினைச்சு, மத்த விரல் பிடிச்சுக்க கீழ ஒரு கட்டை வச்சாங்க. அதே பிரிசிஷன்ல தான் ஸ்டூடியோ பேஸ் கலைஞர் கேரல் கேய் 60கள்ல லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்கள்ல பிக் போட்டு அவ்வளவு ரெக்கார்டிங் வாசிச்சாங்க. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில இருந்தது உள்ள கூடா இருக்கிற ஹோஃப்னர், யெஸ் பேண்ட் கிறிஸ் ஸ்குவயர்கிட்ட ரிக்கன்பாக்கர். மூணும் மூணு விதமான கிட்டார், மூணு பேரும் பிக் தான். அதனால கடைக்காரர் சொன்னதை அங்கயே விட்டுட்டு வந்துருங்க.

நீங்க செலவு பண்ண வேண்டியது பிக்ல தான், அதுவும் ஒரே பிக்கை டஜன் கணக்குல வாங்காம, வேற வேற தடிமன்ல ஒண்ணொண்ணு. சாதா ஸ்ட்ரிங் செட்ல உங்க தடிச்ச ஈ ஸ்ட்ரிங்கே 0.105 இன்ச், அதாவது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல, அது மேல 0.50 மி.மீ பிக்கை போட்டா பிக் தான் வளையும், நோட்டை விட பிளாஸ்டிக் சத்தம் தான் முன்னாடி கேக்கும். டன்லப் கம்பெனியோட டார்டெக்ஸ் பிக்ல மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0 மி.மீ, இந்த மூணையும் எடுத்து ஒரே பாட்டை மாத்தி மாத்தி வாசிச்சு பாருங்க, பத்து நிமிஷத்துல உங்க கையே சொல்லிடும். பிக் விரல்ல நழுவுதுன்னா பெரிய முக்கோண ஷேப் கேளுங்க, பிடிக்க நிறைய இடம் இருக்கும். நைலான்ல அடி கொஞ்சம் மெத்துனு விழும். செல்லுலாய்ட் பாக்க அழகு, ஆனா மேல உருண்டை கம்பி சுத்தின ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் அதை அரம் மாதிரி ராவிடும். பிக் போட்டா ஸ்ட்ரிங் போயிடுமோன்னு சிலர் பயப்படுவாங்க, உண்மையில முதல்ல தேயுறது பிக் தான். முனை சாய்வா தேஞ்சு சொரசொரன்னு ஆனா மாத்திடுங்க.

இப்ப கடைக்காரர் சொல்லாத விஷயம். விரல்ல வாசிக்கறப்ப கட்டைவிரலும் மத்த விரலும் பக்கத்து ஸ்ட்ரிங்ல தானா போய் படிஞ்சு அதை அடக்கிடும், பிக் பிடிச்ச உடனே அந்த வசதி போயிடுது, வாசிக்காத ஸ்ட்ரிங் எல்லாம் கூடவே அதிர்ந்து ஒரே கொழகொழன்னு கேக்கும், உடனே பேஸ் சரியில்ல பெடல் வேணும்னு தோணும். உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் (கிட்டார் உடம்புல ஸ்ட்ரிங்கை தாங்குற பாகம்) பக்கம் லேசா ஸ்ட்ரிங் மேல வச்சு பழகுங்க, இடது கை சும்மா இருக்கிற விரலையும் உபயோகிங்க. கேரல் கேய் பிரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங் மேல ஃபெல்ட் துணி வச்சு ஒட்டுவாங்க, நீங்க ஒரு துண்டு ஸ்பாஞ்சை ஸ்ட்ரிங்குக்கு அடியில சொருகினாலும் நடக்கும். கிளிக் கிளிக்னு அதிகமா கேட்டா டோன் நாபை கொஞ்சம் குறைங்க, பிக் முனையையும் மூணு நாலு மில்லிமீட்டருக்கு மேல வெளிய விடாதீங்க. கம்ப்ரஸர் இப்ப வேண்டாம், மேல அடிக்கறதும் கீழ அடிக்கறதும் உங்க கையிலயே ஒரே அளவுல விழற வரைக்கும் அது உங்க குறையை மூடி வச்சிடும், எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

கேள்வி: ஆன்லைன்ல 1 மி.மீ பிக்னு போட்டிருந்த பாக்கெட் வாங்கினேன். வந்தது அட்டை மாதிரி வளையுது, மேல அளவும் இல்ல. சின்ன தொகை தானேன்னு விட்டுடலாமா?

பதில்: ஏன் விடணும்? ஒரு வெர்னியர்ல அளந்து, அளவு தெரியற மாதிரி போட்டோ எடுங்க, விளம்பரப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, ஏன்னா அதை எப்ப வேணா மாத்திடுவாங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு பதில் வரணும், ஒரு மாசத்துல முடிச்சு தரணும். வரலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க.

கேள்வி: பொண்ணுக்கு கை சின்னது, ஸ்ட்ரிங் நீளம் கம்மியான 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் பேஸ் எடுத்தா பிக் வாசிக்க வருமா?

பதில்: தாராளமா, மெக்கார்ட்னியோட ஹோஃப்னரும் ஷார்ட் ஸ்கேல் தான். வழக்கமான 34 இன்ச்சை விட ஸ்ட்ரிங் தளர்வா இருக்கும், ஓங்கி அடிச்சா ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோக கம்பி) பட்டு கடகடன்னும், அதனால 0.73 பிக்ல ஆரம்பிக்க சொல்லுங்க. ஸ்ட்ரிங் மாத்தறப்ப மட்டும் ஷார்ட் ஸ்கேல் செட்னு கேட்டு வாங்குங்க, நீள செட்டை வெட்டி போட்டா தடிச்ச பாகமே டியூனிங் கீல சுத்திக்கிட்டு அறுந்துக்க வாய்ப்பிருக்கு.