கொன்ராட் ஏன் பேசவில்லை?

கேள்வி: கோடை விடுமுறையில் ஹங்கேரிய எழுத்தாளர் ஷாந்தோர் மாராய் எழுதிய ‘எம்பர்ஸ்’ நாவலைப் படித்தேன். பழைய நண்பர்கள் இருவர் 41 ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கிறார்கள். ரகசியம் உடையும் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தேன். ஆனால் அவர்களுள் ஒருவரான கொன்ராட், மற்றவரான ஹென்ரிக்கின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே விடைபெற்றுவிடுகிறார். இது வாசகரை ஏமாற்றுவதாகாதா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரகசியம் உங்கள் கண்ணெதிரிலேயே உடைந்துவிட்டது. 1899 ஜூலை 2 அன்று வேட்டைக் காட்டில், மானைக் குறிவைக்க வேண்டிய கொன்ராடின் துப்பாக்கி தன்னை நோக்கித் திரும்புவதை ஹென்ரிக் உணர்கிறார். மறுநாள் கொன்ராட் ஊரைவிட்டே சென்றுவிட, அவர் குடியிருந்த வீட்டைத் தேடிச் சென்ற ஹென்ரிக்கின் முன்னால் ஹென்ரிக்கின் மனைவி கிறிஸ்டினாவும் வந்து நிற்கிறார், ஓடிப்போன கொன்ராடைக் ‘கோழை’ என்கிறார். அந்த இருவரின் கள்ளக் காதல், கொன்ராடின் கொலை எண்ணம் இரண்டும் அன்றே ஹென்ரிக்குக்குத் தெரிந்துவிட்டன. பத்து வயதில் ராணுவப் பள்ளியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த நட்பு அத்துடன் முறிகிறது.

எஞ்சியிருப்பது ஒரே ஐயம்: அந்தக் கொலைத் திட்டம் கிறிஸ்டினாவுக்கும் தெரியுமா? கொன்ராட் வாய் திறக்காததை நான் கோழைத்தனமாகக் கருதவில்லை. இறந்துபோன பெண்ணைக் குற்றவாளியாக்கவோ நிரபராதியாக்கவோ தமக்கு உரிமையில்லை என்று அவர் எண்ணியதாகவே எனக்குப் படுகிறது. ஹென்ரிக்கும் விடையை உண்மையில் விரும்பவில்லை. அதனால்தான் மனைவியின் நாட்குறிப்பைத் திறந்துகூடப் பாராமல் நெருப்பில் போடுகிறார். வேட்டைக்குப் பின் அந்தப் பெண் உயிரோடிருந்த எட்டு ஆண்டுகளும் அவரிடம் பேசாமலே விலகி வாழ்ந்தவர், கேட்க வேண்டியவரிடம் கேட்காததை, கேட்கக் கூடாதவரிடம் கேட்க 41 ஆண்டுகள் காத்திருந்தார். எனக்குத் துப்பாக்கியைவிடக் கொடியதாகத் தோன்றுவது அந்த எட்டு ஆண்டு மௌனமே.

நீங்கள் படித்த ஆங்கில நூல் ஜெர்மன் வழியாக 2001இல் வந்தது. அதன் தலைப்புக்குத் தணல் என்று பொருள். 1942இல் வெளியான ஹங்கேரிய மூலத்தின் தலைப்போ, மெழுகுவர்த்திகள் அடிக்கட்டை வரை எரிகின்றன என்கிறது. தணல் ஊதினால் மீண்டும் பற்றும். எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி பற்றாது. நண்பர்கள் மீண்டும் சந்தித்த அந்த ஆகஸ்ட் இரவை மூலத் தலைப்பே சரியாகச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கொன்ராட் பதிலே சொல்லவில்லை என்பதும் சரியன்று. இறந்துபோன ஒரு பெண்ணின் மீது கொண்ட தீராத ஏக்கம்தான் நம் வாழ்வின் பொருளாக இருந்ததா என்ற ஹென்ரிக்கின் இரண்டாவது கேள்விக்கு, அது உனக்கே தெரியுமே என்ற பொருள்பட அவர் விடை தருகிறார். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.