சமையல் மேடைக் கல்லில் சாயம் போகிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: புதுவீட்டுச் சமையல் மேடைக்கு 'ஜெட் பிளாக்' கிரானைட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 60 சதுர அடி, அடி 260 ரூபாய். வெட்டுக்கூலி, மோல்டிங், பதிக்கும் கூலி எல்லாம் அதே கடைதான், 8,400. ஆக 24,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். நான்கே மாதத்தில் அடுப்பைச் சுற்றிக் கல் சாம்பல் பூத்துவிட்டது. துடைக்கிற துணியில் கருப்பு ஒட்டுகிறது. கேட்டால், "ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பீர்கள்" என்கிறார்கள். என்னிடம் 'பிளாக் 60' என்று எழுதிய எஸ்டிமேட் சீட்டு மட்டும் இருக்கிறது. அதன் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. பணம் கிடைக்குமா? அடுத்து எந்தக் கல் போடுவது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் ஒன்று. கல்லைப் பெயர்க்காதீர்கள். ஆத்திரத்தில் பெயர்த்து, உடைசலை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய சாட்சியமும் அந்த லாரியிலேயே போய்விட்டது.

அப்புறம், சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டு வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். பலரும் அதை மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதே பலகையிலிருந்து வந்த துண்டு அது. அடுப்புச் சூடும் அதன்மேல் பட்டதில்லை, ஆசிட்டும் பட்டதில்லை. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து அதன் ஒரு ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். வீட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். துணி நன்றாகக் கருத்தால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரின் ஆசிட் கதைக்கு அந்தத் துணியே பதில். மீதித் துண்டைத் தொடாமல் வையுங்கள். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-இன்படி, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம்.

சீட்டின் அடியில் உள்ள அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை விற்றவரின் பொறுப்பை ஒரு அச்சு வரி அழித்துவிடாது. ஒழுங்கான பில் தராததும், ஒரு தரத்தைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பதும் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. மாதிரிக் கல்லைக் காட்டி, பெயரும் சொல்லி விற்றால், சரக்கு இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்.

உங்கள் தரப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சீட்டில் 'ஜெட்' என்ற சொல் இல்லை. 'பிளாக்தான் கொடுத்தோம்' என்று அவர்கள் வாதாடுவார்கள். அதனால் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் படம், குரல் பதிவு, பேரம் பேசிய செய்தி, எதையும் அழிக்காதீர்கள். ஜிபே பதிவு பணம் போனதைக் காட்டும். என்ன பெயர் சொல்லி விற்றார்கள் என்பதைக் காட்ட இவைதான் வேண்டும்.

கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்; சில கடைகள் அந்த அளவிலேயே இறங்கி வரும். வராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் தஞ்சாவூரில் குடியிருப்பதால் அங்குள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். கல் பதித்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது 24,000 ரூபாயோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர்க்கும் செலவு, மீண்டும் பதிக்கும் கூலி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். 'அல்லது சொன்ன கல்லையே பதித்துத் தர வேண்டும்' என்று மாற்றாகவும் கேளுங்கள்.

அடுத்த கல்லுக்கு என் யோசனை, சாயமில்லாத கிரானைட்தான். மார்பிளும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்டால் அரித்துத் தடம் விழும். குவார்ட்ஸ் பார்க்க அழகுதான். ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைக்கக் கூடாது. வாரண்டி அட்டையில் சூட்டுச் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்த பிறகு பணம் கொடுங்கள். எதை வாங்கினாலும் பில்லில் கல்லின் பெயர், எத்தனை எம்எம் கனம், எத்தனை சதுர அடி, 'சாயம் ஏற்றாதது' என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

வழக்கு முடியும்வரை அந்த மேடையில் சமைக்க முடியாது என்றால், வழக்கறிஞர் ஆணையரை, அதாவது நேரில் பார்த்து அறிக்கை தரும் ஒரு வழக்கறிஞரை, நியமித்துப் பார்வையிடச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடுங்கள். அவர் அறிக்கை கோப்பில் ஏறியதும், ஆணையத்திடம் கேட்டுக்கொண்டு கல்லைப் பெயர்க்கலாம்.